ஓடாத கல்யாணப் படம்

அம்மா கூப்பிட்டபோது நான் வகுப்பில் இருந்தேன். புளியங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளைத் தட்டச்சுப் பயிற்சியில் உட்காரவைத்துவிட்டு வெளியே வந்து எடுத்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகான பதினோரு வருஷத்தில் அம்மா வருஷத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டிருந்தால் அதிகம். அதுவும் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, குரலைத் தாழ்த்தி, நாலே வார்த்தை. அன்றைக்குக் குரல் தாழ்ந்திருக்கவில்லை. அதனாலேயே முதலில் அப்பாவைத்தான் கேட்டேன்.

"அப்பாவுக்கு என்னம்மா?"

"அவுகளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்காக. இங்கன கம்ப்யூட்டர்ல டிஸ்க்கு ஓட மாட்டேங்கு. ஒன் தம்பிதான் அக்காவக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுன்னான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவுக முன்னாலதான் பேசுதேன்."

சுவரில் சாய்ந்துகொண்டேன். அப்பா முன்னால் என்னோடு பேசுகிறாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் வரை என்னென்னவோ கட்டினேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அப்பா சங்கரன்கோவிலில் விசைத்தறி போட்டிருக்கிறார். வீட்டின் பின்கட்டில் நான்கு தறி. காலேஜ் முடித்ததும் என்னைக் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்துவிட்டவர் அவர்தான். "எங்க வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டரப் பிரிச்சு மாட்டிரும்" என்று நூல் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தக் கோர்ஸில் என்னோடு படித்தவரைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவர்கள் வேறு சாதி. அதற்குப் பிறகு அப்பா சொன்னதாக எனக்கு வந்து சேர்ந்த கடைசி வாக்கியம், "அந்தப் பொட்டிதான் அவளக் கெடுத்துச்சு." அதன்பிறகு அவர் என்னிடமும் பேசவில்லை, என்னைப் பற்றியும் பேசவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் தம்பி போன் போட்டு, "அக்கா, ஒண்ணும் நெனச்சுக்கிடாத" என்றான். ஒன்றும் நினைக்காமல் எப்படி இருப்பது என்று அவன் சொல்லித்தரவில்லை. கல்யாணம் முடிந்து அவன் வேலை பார்க்கிற சவுதிக்குத் திரும்பிப் போய்விட்டான்.

விஷயம் இதுதான். தம்பி மனைவிக்கு வாசுதேவநல்லூர். அவளுடைய பெரியப்பா குடும்பம் வெளிமாநிலத்தில் இருக்கிறது, கல்யாணத்துக்கு வரமுடியவில்லை. இப்போது ஊருக்கு வந்திருக்கிறார்கள், தம்பி மனைவியும் அவர்களைப் பார்க்க அங்கே போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அவர்களுக்கு விருந்து. கல்யாணப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஸ்டுடியோக்காரர் கொடுத்த இரண்டு டிஸ்க் பீரோவில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் போட்டால் ஓடவில்லை. கடையில் டிஸ்க்கைக் கொண்டுபோய்க் காட்டினால் அங்கே ஓடுகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்ற இன்னொரு கடைக்காரர் மூன்று நாளாக வரவில்லை.

"பிள்ளையக் கூட்டிட்டு வரட்டுமாம்மா?" என்று கேட்டேன். என் மகளுக்கு ஏழு வயது. அவளை அம்மா ஒரே ஒரு தடவை, பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"இந்தத் தடவ நீ மட்டும் வா. அவசர சோலிலா."

என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போயிட்டு வா. ஆனா ரொம்ப எதிர்பாக்காத" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பையில் ஆப்பிளும் அப்பாவுக்குப் பிடித்த கருப்பட்டி மிட்டாயும், இன்னொரு பையில் ஸ்க்ரூ டிரைவர், பிரஷ், பழைய டிஸ்க்குகள் இரண்டு மூன்று என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டுச்சேலை கட்டியிருந்தேன். ரிப்பேர் பார்க்கப் போகிறவள் பட்டுச்சேலை கட்டுவாளா?

அன்று விருந்துக்காக எங்கள் வீட்டுத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். தெருவில் மற்ற வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வாசலுக்கு வந்து என் கையைப் பிடிக்கவில்லை. "வா, செருப்ப அங்கனயே போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள். அவளும் பதற்றத்தில் இருந்தாள் என்று இப்போது புரிகிறது. ஹாலில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் "அப்பா" என்றேன். பேப்பர் அசையவில்லை. தறிச்சத்தத்தில் அவருக்குக் காது மந்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

கம்ப்யூட்டர் ஹாலின் மூலையிலேயே இருந்தது. மேலே பூப்போட்ட துணி. துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பட்டனை அழுத்தினால் டிஸ்க் வைக்கும் தட்டு பாதி வெளியே வந்து மாட்டிக்கொண்டு, தட்டினால்தான் முழுசாக வந்தது. கல்யாண டிஸ்க்கை வைத்தேன். உள்ளே போய்ச் சுற்றும் சத்தம் கேட்டது, விளக்கு மினுக்கியது, திரையில் 'இதை இயக்க முடியவில்லை' என்று வந்து நின்றது.

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "எவ்வளவு நேரம் ஆகும்னு கேளு" என்றார்.

ஹாலில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். அம்மா அடுக்களையில் இருந்தாள். அவர் குரல் கேட்டு ஈரக்கையோடு ஓடிவந்து, "எவ்வளவு நேரம் ஆவும்ட்டி?" என்று என்னிடம் கேட்டாள்.

"பாத்தாத்தான் தெரியும்மா."

"பாத்தாத்தான் தெரியுமாம்," என்று அம்மா அவரிடம் சத்தமாகச் சொன்னாள்.

அன்று முழுக்க இப்படித்தான். நாலடி தூரத்தில் இருக்கிற மனுஷனுக்கும் எனக்கும் நடுவில் அம்மா சாம்பார்க் கரண்டியோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு. தறி ஓடுகிற வீட்டில் நூலிலிருந்து பறக்கிற பஞ்சு எங்கே வேண்டுமானாலும் போய் ஒட்டும், ஆனால் இந்த அளவுக்கு நான் பார்த்ததில்லை. விசிறியெல்லாம் போர்வை போர்த்தியதுபோல் இருந்தது. பிரஷ்ஷால் தட்டித்தட்டி எடுத்தேன், என் சேலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஒட்டியது. டிஸ்க் டிரைவிலிருந்து வருகிற ஒயர் இரண்டையும் கழற்றி அழுத்தி மாட்டினேன். திரும்பப் போட்டேன். அதே செய்தி.

பிறகு சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பித்தேன். பீரோவில் கிடந்த சாமிப்பாட்டு சிடி ஒன்றை வைத்தேன், பாடியது. நான் கொண்டுவந்த போட்டோ சிடியை வைத்தேன், படங்கள் திறந்தன. கூடக் கொண்டுவந்த சினிமா டிவிடியை வைத்தேன், ஓடவில்லை. ஆக, சிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை. இந்த டிரைவுகளில் சிடி படிக்கிற கண் வேறு, டிவிடி படிக்கிற கண் வேறு. ஒன்று செத்து இன்னொன்று உயிரோடு இருக்கும். அப்படி என்றால் டிரைவையே மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இதைக்கூடச் செய்யாமல் திரும்பிப் போனால் அப்பா என்ன நினைப்பார் என்றுதான் முதலில் தோன்றியது, பதினோரு வருஷம் கழித்தும்.

கடைசியாகக் கல்யாண டிஸ்க்கை வைத்து, அதை ஓடச்சொல்லாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் திறந்து பார்த்தேன். கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. டிரைவ் டிஸ்க்கைப் படிக்கிறது! கண்ணில் கோளாறே இல்லை. தம்பி போன லீவில் வந்தபோது கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் போட்டிருக்கிறான். பழையதில் இருந்த, படம் காட்டுகிற சாஃப்ட்வேர் அதோடு போய்விட்டது. புதியதில் அது இல்லை. அவ்வளவுதான்.

"கண்டுபிடிச்சிட்டேம்மா," என்றேன், சின்னப்பிள்ளை மாதிரி. அம்மா எட்டிப்பார்த்துச் சிரித்தாள். பேப்பர் லேசாகக் கீழே இறங்கியது. அப்பாவின் கண்கள் திரையைப் பார்த்தன, என்னைப் பார்க்கவில்லை.

வீட்டில் நெட் இல்லை. என் செல்லிலிருந்து கொடுத்து இலவச சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினேன். அது மெதுவாக வந்துகொண்டிருந்தபோது அம்மா காபி கொண்டுவந்தாள். பேப்பர் கப்பில். ஓரத்தில் பூ போட்ட, விசேஷ வீடுகளில் கொடுக்கிற கப்.

நான் அதைப் பார்த்ததை அம்மா பார்த்தாள். "டம்ளரெல்லாம் விருந்துக்குக் கழுவிக் கவுத்திருக்கு," என்றாள்.

அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அதில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. காபியைக் குடித்தேன். சர்க்கரை சரியாக, நான் குடிக்கிற அளவுக்கே போட்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குடித்த கப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் என் ஸ்க்ரூ டிரைவர் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

சாஃப்ட்வேர் ஏறியது. டிஸ்க்கை வைத்தேன். நாதஸ்வரம் வந்தது. தம்பியின் முகம் திரை முழுக்க வந்தது.

எழுந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பா, "முழுசும் ஓடுதான்னு பாக்கச் சொல்லு. நடுவுல நின்னுச்சுன்னா அவுக முன்னால அசிங்கம்" என்றார். அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை, என்னை ஒரு பார்வை மட்டும் பார்த்தாள். நான் உட்கார்ந்தேன். தம்பியின் கல்யாணத்தை, டிஸ்க் ஓடுகிறதா என்று பார்க்கிற வேலைக்காரியாக, நாலு வருஷம் கழித்துப் பார்த்தேன்.

மண்டபம் எனக்குத் தெரிந்த மண்டபம்தான். கல்யாணத்தன்று காலையில் நான் புளியங்குடியில் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன், தேவையே இல்லாமல், இரண்டு தடவை. திரையில் எல்லோரும் இருந்தார்கள். என்னோடு படித்த இரண்டு பெண்கள் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி தாலியை வைத்து முதல் முடிச்சுப் போட்டதும், பின்னால் நின்று மற்ற இரண்டு முடிச்சைப் போட்டவள் சித்தப்பா மகள். மாப்பிள்ளைக்கு அக்கா முறை. அவள் போட்ட முடிச்சில் ஒரு குற்றமும் இல்லை. அவசரமில்லாமல், நன்றாக இறுக்கிப் போட்டாள். நான் மௌஸைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கேமராக்காரர் ஒவ்வொருவரிடமாக மைக்கை நீட்டி வாழ்த்துச் சொல்லச் சொல்கிறார். மாமா வாழ்த்தினார், பக்கத்து வீட்டு அண்ணாச்சி வாழ்த்தினார். பிறகு பெரிய அத்தை, அப்பாவின் அக்கா. என்னைச் சின்ன வயதில் இடுப்பிலிருந்து இறக்காதவள். மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொன்னாள்:

"பொம்பளப்பிள்ளையே இல்லாத வீடு. மருமக வந்துதான் இனி வெளக்கேத்தணும். ரெண்டு பேரும் நல்லாருங்க."

அடுத்த ஆளுக்கு மைக் போய்விட்டது. அடுக்களை வாசலில் நின்ற அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா என்ன சொல்லுதா?" என்றார் அப்பா. "சத்தம் பத்தல. திருப்பிப் போடச் சொல்லு."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் நிஜமாகவே கேட்காமல்தான் கேட்டார் என்று நம்புகிறேன். கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார்.

நான் சத்தத்தைக் கூட்டினேன். முழுசாகக் கூட்டினேன். படத்தைப் பின்னால் தள்ளி, அத்தை மைக்கை வாங்குகிற இடத்தில் விட்டேன். "பொம்பளப்பிள்ளையே இல்லாத வீடு" என்று வீடு அதிர அத்தை சொன்னாள். எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அப்பாவின் கை காதிலிருந்து மெதுவாக இறங்கியது. அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை வேண்டாம், ஒரு சுளிப்புப் போதும் என்று இருந்தது. அவர் கீழே விழுந்திருந்த பேப்பரை எடுத்து மடித்தார்.

"ரெண்டாவது டிஸ்க்கும் ஓடுதான்னு பாக்கச் சொல்லு," என்றார்.

பார்த்தேன். அது ஆரம்பத்திலேயே கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. எடுத்துத் திருப்பினால் பின்பக்கம் யாரோ மஞ்சள் கையோடு பிடித்த விரல் தடம். சோப்புத் தண்ணீரில் கழுவி, வேட்டித்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துப் போட்டேன், ஓடியது. அதில் ரிசப்ஷன். அதை நான் பார்க்கவில்லை, ஓட்டி ஓட்டிக் கடைசிவரை கொண்டுபோய் நிறுத்தினேன்.

அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். நின்றுபோயிருந்த தறிகளுக்கு நடுவில் நின்று என் சேலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவள் விரல் என் தோளில் படுவது பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"மத்தியானத்துக்கு சம்பந்தி வீட்டாளுக வந்துருவாக," என்றாள்.

"சரிம்மா."

"நீ இருந்தா யாரு என்னன்னு கேப்பாக. அப்பாவுக்குச் சங்கடம்."

"உங்களுக்கு?"

"சாப்பாடு கட்டித் தாரேன். பஸ்ல போயிச் சாப்பிடு" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் அழுதாள். அந்த அழுகையின் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. கண்ணீரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடுகிறவள் அவள், அன்றைக்காவது அது செல்லுபடியாகக் கூடாது என்று இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

கிளம்பும் முன் ஒரு தாளில் படத்தை எப்படிப் போடுவது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன். திரையில் எந்தச் சின்னத்தை இரண்டு தடவை அழுத்த வேண்டும், எங்கே சத்தம் கூட்ட வேண்டும் என்று. சென்டரில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எழுதிக்கொடுப்பதுபோல். "வாரேன்ப்பா" என்றேன். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து வாசலைப் பார்க்கப் போனார், விருந்தாளிகளின் கார் வந்துவிட்டதா என்று.

பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருந்தபோது தம்பி சவுதியிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "படம் ஓடுதாம்லாக்கா. அம்மா சொன்னா. நீ போனதுல அம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம்" என்றான். அவன் நல்லெண்ணத்தில்தான் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறான், அப்படியாவது ஒரு வாசல் திறக்கும் என்று. "ஆமாலே, ஓடுது," என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டில் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சேலையைக் காலையில் கட்டி மிச்சப் பஞ்சோடு கழற்றிப் போடுகிறவளிடம் கேட்க என்ன இருக்கிறது? மகள்தான், "ஆச்சி எனக்கு என்ன குடுத்துவிட்டாக?" என்று கேட்டாள். வழியில் வாங்கிய முறுக்கைக் கொடுத்து, ஆச்சி கொடுத்ததாகச் சொன்னேன். அந்தப் பொய்யை நான் ஏன் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். டிஸ்க் திரும்பவும் ஓடவில்லை. மருமகளின் தோழிகள் வருகிறார்கள். என்ன வருகிறது என்று கேட்டேன். சொன்னாள். கம்ப்யூட்டர் தானாகவே வேறு சாஃப்ட்வேரில் டிஸ்க்கைத் திறக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். போனிலேயே இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். "கடையில காட்டுங்க."

"ஒனக்குத் தெரியாததாட்டி?"

"தெரியல."

அம்மா பக்கத்தில் அப்பா, "என்னவாம்?" என்று கேட்பது கேட்டது. அம்மா போனை வைத்துவிட்டாள். என் கணவர், "சொல்லியிருக்கலாம்ல, பாவம்" என்றார். அன்று அவரோடு நான் போட்ட சண்டை, கல்யாணமான நாளிலிருந்து போட்டதிலேயே பெரியது. அவர் சொன்னதில் தப்பில்லை என்பதால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

அதற்குப் பிறகு நானே இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள். சுகம் விசாரித்தோம். நான்தான் பேச்சை இழுத்து, "டிஸ்க் சரியாயிட்டா?" என்று கேட்டேன். சொல்லிக்கொடுக்கலாம் என்று தயாராக, கேட்டால் அடுத்த பஸ்ஸிலேயே போகலாம் என்றுகூடத் தயாராக இருந்தேன்.

"அதுவா," என்றாள் அம்மா. "கடையில குடுத்து பென்டிரைவ்ல ஏத்தி வாங்கியாச்சு. டிவியிலயே சொருகினா ஓடுது, நல்லாப் பெருசாத் தெரியுது. இனி ஒனக்கு ஒரு தொந்தரவும் இல்ல."